குளியலறைத் தரைக்கு எது பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கண்ணாடிபோல் மின்னும் டைலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா அதில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். கடையில் அந்த டைலைக் கையால் தடவிப் பார்த்திருந்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தேன். நனைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. அதன்பிறகு அந்தத் தரையைப் பெயர்த்து மறுபடியும் போட்டபோது கற்றுக்கொண்டவையும், பின்னர் வீடு கட்டும் நண்பர்கள் கேட்டுக் கேட்டுத் தெளிவானவையும்தான் இங்கே இருக்கின்றன.

தரையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நனைந்த பிறகு அது காலைப் பிடிக்கிறதா என்பதை. நிறமும் வடிவமும் அதற்குப் பிறகுதான்.

காய்ந்த நிலையில் எந்த டைலும் நல்ல டைலாகவே தெரியும். தண்ணீர் விழுந்ததும் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உருவாகிறது. வழுவழுப்பான மேற்பரப்பில் அந்தப் படலம் அப்படியே நிற்பதால், பாதம் தரையைத் தொடாமல் தண்ணீரின்மேல் சறுக்குகிறது. மேற்பரப்பில் நுண்ணிய மேடுகள் இருந்தால் அவை படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடுகின்றன. சோப்பு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு பாட்டிலில் தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பூவும் கலந்து எடுத்துச் செல்லுங்கள். மாதிரி டைலைத் தரையில் வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். ஏறி நிற்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெறுங்காலை அழுத்தி முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நல்ல டைலில் குதிகால் தடைபட்டுத் தடைபட்டு நகரும். மோசமான டைலில் வெண்ணெயில் இழுத்ததுபோல் போகும். இரண்டு மூன்று மாதிரிகளை அடுத்தடுத்து இப்படிப் பார்த்தால் வேறுபாடு உங்களுக்கே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கூச்சப்படாதீர்கள். பல ஆண்டுகள் அந்தத் தரையில் நடக்கப்போவது நீங்கள்.

பெட்டியின்மேல் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

வழுக்கலைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஜெர்மன் தரக்குறியீடு. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவரை நடக்கவைத்து, சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். எந்தக் கோணத்தில் அவருடைய கால் வழுக்குகிறதோ அதை வைத்து வகை பிரிப்பார்கள். 6 முதல் 10 பாகை வரை தாங்கினால் ஆர்9. 10 முதல் 19 வரை ஆர்10. 19 முதல் 27 வரை ஆர்11. அதற்கு மேல் ஆர்12, ஆர்13.

பலர் இங்கே ஏமாறுகிறார்கள். ஆர்9 என்றதும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதுதான் வரிசையின் கடைசிப் படி. குளியலறைக்கு அது போதாது. தரை முழுவதற்கும் குறைந்தது ஆர்10, ஷவரின் கீழே ஆர்11 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. ஆர்12, ஆர்13 தொழிற்கூடங்களுக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கும் உரியவை. வீட்டில் போட்டால் அந்தச் சொரசொரப்பில் முடியும் அழுக்கும் சிக்கிக்கொண்டு தேய்த்தாலும் போகாது.

இந்தச் சோதனை காலணியோடு செய்யப்படுவது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெறுங்காலுக்கென்றே சோப்புத் தண்ணீரில் செய்யும் தனிச் சோதனை ஒன்று உண்டு. அதில் ஏ, பி, சி என மூன்று வகை: முறையே 12, 18, 24 பாகைச் சாய்வைத் தாங்க வேண்டும். குளிக்கும் இடத்துக்குப் பி வகை கிடைத்தால் அதை நம்பி எடுக்கலாம். தயாரிப்பாளரின் விவரத்தாளில் இந்தக் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியின்மேல் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

பிஇஐ என்று இன்னோர் எண்ணும் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமா?

அது டைலின் பளபளப்புப் பூச்சு எவ்வளவு தேய்மானத்தைத் தாங்கும் என்பதைச் சொல்வது. வழுக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குளியலறையில் நடமாட்டம் குறைவு, அதுவும் வெறுங்காலோடு. எனவே நடுத்தர எண்ணே போதும்.

செராமிக் நல்லதா, விட்ரிஃபைட் நல்லதா?

இரண்டும் களிமண்ணைச் சுட்டுச் செய்பவைதான். விட்ரிஃபைட் டைலை அதிக வெப்பத்தில், ஏறத்தாழக் கண்ணாடிபோல் இறுகும்வரை சுடுகிறார்கள். அதனால் அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சுவருக்கென்று வரும் செராமிக் டைல் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். தரைக்கான செராமிக் டைல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். டைலைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சுவர் டைலாக இருந்தால் துளி கண்ணெதிரே மங்கி உள்ளே இறங்கிவிடும். விட்ரிஃபைட் டைலில் அப்படியே உருண்டு நிற்கும்.

குளியலறைத் தரைக்கு என் தேர்வு மங்கலான மேற்பரப்புள்ள விட்ரிஃபைட். தரைக்கென்றே செய்த செராமிக்கும் நன்றாகவே உழைக்கும். செலவைக் குறைக்க வேண்டியவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். சுவர் டைலைத் தரையில் போடுவதுதான் கூடவே கூடாத காரியம். மிச்சமானதை வீணாக்க வேண்டாமே என்று சிலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். அது வலுக் குறைந்தது, பூச்சு வழுவழுப்பானது. கனமான வாளி ஒன்று விழுந்தால் விரிசல் விட்டுவிடும்.

டைல் பெரியதாக இருந்தால் நல்லதா, சிறியதாக இருந்தால் நல்லதா?

பெரிய டைல் போட்டால் இணைப்புகள் குறையும், சுத்தம் செய்வது எளிது என்பது உண்மை. ஆனால் குளியலறைத் தரை மட்டமான தரை இல்லை. நாலாபக்கமிருந்தும் தண்ணீர் வடிகால் வாய்க்கு ஓடி வர வேண்டும், அதாவது தரை மிக ஆழம் குறைந்த ஒரு தட்டுபோல் குழிய வேண்டும். 600 மில்லிமீட்டர் சதுர டைல் குழியாது. அதை வளைக்க முடியாததால் கொத்தனார் மூலைக்கு மூலை வெட்டிச் சேர்ப்பார், அல்லது வாட்டத்தைக் குறைத்துவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. விளைவு, டைலின் நடுவிலே எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்.

ஷவரின் கீழே 50 மில்லிமீட்டர் அளவுள்ள, வலையில் ஒட்டித் தாளாக வரும் சிறு டைல்கள் மிகப் பொருத்தம். எந்தச் சரிவுக்கும் வளைந்துகொடுக்கும். நெருக்கமான இணைப்புக் கோடுகள் பாதத்துக்குக் கூடுதல் பிடிமானம் தரும். மற்ற இடத்துக்கு 300 மில்லிமீட்டர் டைல் சரியாக இருக்கும். பெரிய டைல்தான் வேண்டும் என்று மனத்தில் நின்றுவிட்டால், நடுவில் வட்டத் துளை வைப்பதை விட்டுவிட்டு ஒரு சுவரோரம் நீளமான வடிகால் வையுங்கள். அப்போது தரை ஒரே பக்கமாகச் சரிந்தால் போதும், டைலை வெட்ட வேண்டியதில்லை.

வாட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பொதுவான தரைக்கு நூற்றுக்கு ஒன்று. அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் இறக்கம். குளிக்கும் இடத்தில் ஏறத்தாழ ஐம்பதுக்கு ஒன்று, மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் நிற்கும்போதே கால் சரிவை உணரும், வயதானவர்களுக்குத் தடுமாற்றம் வரும்.

கொத்தனாரிடம் "வாட்டம் பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அளவைச் சொல்லுங்கள். டைல் ஒட்டும் முன்பே, அடித்தளச் சாந்துப் பூச்சிலேயே வாட்டம் வந்திருக்க வேண்டும். பசையின் தடிமனைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூச்சு இறுகியதும் ரசமட்டத்தை வைத்து நான்கு திசையிலும் பாருங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றுங்கள். அது தயங்காமல் வடிகால் வாயைத் தேடிப் போக வேண்டும். எங்காவது வட்டமாக நின்றால் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். டைல் ஒட்டிய பிறகு அதைத் திருத்த உளியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

டைல் போட்டாலே தண்ணீர் இறங்காதே, வாட்டர்ப்ரூஃபிங் தனியாக எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் அநேகமாக இல்லை. குளியலறை விஷயத்தில் அதிகச் சேதம் விளைவிக்கும் நம்பிக்கையும் இதுதான்.

டைல் தண்ணீரை விடாது, சரி. டைலுக்கும் டைலுக்கும் நடுவே இருக்கும் சிமென்ட் கிரௌட் விடும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள சாந்தில் தங்கும். அங்கிருந்து கான்கிரீட்டுக்குள், கீழ்வீட்டுக் கூரைக்கு, பக்கத்து அறைச் சுவருக்கு. வெளியே சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிரும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். தண்ணீரைத் தடுக்கும் வேலை டைலுக்கு அடியில் இருக்கும் பூச்சுக்கு உரியது. டைல் அந்தப் பூச்சைக் காக்கும் மேலாடை.

பூச்சைத் தரையோடு நிறுத்தக் கூடாது. எல்லாச் சுவரிலும் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரம் ஏற வேண்டும். ஷவர் பக்கச் சுவரில் 1,800 மில்லிமீட்டர் வரை போக வேண்டும். முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்த பின் இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். சுவரும் தரையும் சந்திக்கும் மூலை, குழாய் தரையைத் துளைக்கும் இடம், வடிகால் வாயின் விளிம்பு ஆகிய மூன்றிலும் வலைத்துணி பதித்துப் பூச வேண்டும். கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துவிட்டுத் தரையில் தண்ணீரைத் தேக்குங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறியுங்கள். 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள். ஆவியாவதால் மட்டம் சிறிது இறங்கலாம். குறிப்பிடும்படி இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கீழ்த்தளத்துக் கூரையைப் போய்ப் பாருங்கள், கையால் தொட்டும் பாருங்கள். வேலை அவசரத்தில் இந்த இரண்டு நாளை மிச்சம்பிடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து இடம்கொடுக்காதீர்கள்.

சிமென்ட் சாந்தில் ஒட்டலாமா, டைல் பசைதான் வேண்டுமா?

செராமிக் டைலை ஊறவைத்துச் சாந்தில் பதிக்கும் பழைய முறை இன்றும் செல்லுபடியாகும். விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சிமென்ட் பாலையும் உள்ளே இழுக்காது. சாதாரணச் சிமென்ட் அதைப் பிடித்துவைக்கத் திணறும், சில ஆண்டுகளில் டைல் கழன்றுவரும். அதற்குப் பாலிமர் கலந்த பசைதான் சரி.

பசையை டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்தும் வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும், துர்நாற்றமும் அங்கிருந்தே வரும். பல்லுள்ள கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துப் பூச வேண்டும். ஒட்டி இரண்டு நாள் கழித்து ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். கெட்டியான ஒலி வந்தால் சரி. குடத்தைத் தட்டியதுபோல் ஒலித்தால் கீழே காலி. அந்த டைலை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

கிரௌட் எது போடலாம்?

ஈரமான இடத்துக்கு எபாக்ஸி, அதாவது சிமென்ட்டுக்குப் பதில் செயற்கைப் பிசினால் ஆன கிரௌட். அது தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது, பூஞ்சை ஏறுவது குறைவு. விலை கூடுதல், வேலையும் பழகியவர் கையில்தான் நன்றாக வரும். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், டைலின்மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் மங்கலான படலமாக நின்றுவிடும். சிமென்ட் கிரௌட் போட்டால் நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் திரவத்தைப் பூசுங்கள், அவ்வப்போது மறுபடியும் பூச வேண்டியிருக்கும்.

இணைப்பே தெரியாமல் டைல்களை நெருக்கி ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், வெப்பத்திலும் ஈரத்திலும் தரை சிறிது அசையும். தரையும் சுவரும் சேரும் கோட்டில் கிரௌட்டுக்குப் பதில் ரப்பர்போல் நெகிழும் சிலிக்கோன் பசையை நிரப்புங்கள். அந்தக் கோட்டில்தான் அசைவு அதிகம். கிரௌட் அங்கே விரிசல் விட்டுவிடும்.

சலவைக்கல், கிரானைட் போன்ற இயற்கைக் கற்கள் எப்படி?

சலவைக்கல் அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். கழிவறை சுத்தம் செய்யும் திரவம் ஒரு துளி சிந்தினாலே பளபளப்பு போய் வெண்மையான தழும்பு விழும், அது துடைத்தால் போகாது. சில வெள்ளைக் கற்களில் இருக்கும் இரும்புச் சத்து தொடர்ந்து ஈரம் படும்போது மஞ்சளாகவும் பழுப்பாகவும் துருவேறும். கைகழுவும் இடத்து மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தரைக்கு வேண்டாம் என்பேன்.

கிரானைட் கடினமானது, வீட்டில் பயன்படுத்தும் அமிலங்களையும் தாங்கும். மெருகேற்றிய கிரானைட் நனைந்தால் மிக மோசமாக வழுக்கும். நெருப்பால் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைக்கிறது. அதை வாங்கிச் சீலர் பூசிப் போட்டால் நெடுநாள் உழைக்கும்.

பழைய மொசைக் தரையும் ஆக்ஸைடு தரையும் குளியலறைக்கு ஒத்துவருமா?

மொசைக் என்று நாம் சொல்வது சிமென்ட்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்துத் தேய்த்த தரையை. வலுவானது, இணைப்புகள் குறைவு. சில்லுகள் சலவைக்கல்லாகவும் பிணைப்பு சிமென்ட்டாகவும் இருப்பதால் அமிலம் ஆகாது. அதிகம் மெருகேற்றினால் வழுக்கும். ஆக்ஸைடு தரை, அதாவது நிறப்பொடி கலந்த சிமென்ட்டை இழைத்து மெருகேற்றிய தரை, வெறுங்காலுக்கு இதமானது. நல்ல கை வேலையாக இருந்தால் தலைமுறை தாண்டும். ஆனால் அதுவும் தேய்ந்து வழவழப்பாகும், மயிரிழை விரிசல் விடும். உலர்ந்த பகுதிக்குச் சரி, குளிக்கும் இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வினைல், மரம், லேமினேட்?

லேமினேட் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை, ஓரத்தில் ஈரம் புகுந்தால் ஊதிவிடும். மரமும் அப்படியே, எண்ணெய்ப்பசையுள்ள தேக்கைத் தவிர. தேக்குக்கும் பராமரிப்பு ஓயாது. தாளாக வரும் வினைல் ஒரே துண்டாக விரிக்கப்பட்டு, விளிம்புகள் சுவரில் சற்று ஏறி ஒட்டப்பட்டிருந்தால் ஈரத்தைத் தாங்கும், காலுக்கும் மென்மை. துண்டுதுண்டாக ஒட்டும் வினைலில் இணைப்பு வழியே தண்ணீர் இறங்கி அடியிலேயே தங்கிவிடும். ஷவர் தனியறையாக அடைக்கப்பட்டிருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

எந்த நிறம் நல்லது?

வெள்ளையில் ஒரு முடி விழுந்தாலும் தெரியும். கறுப்பில் சோப்புப் படிவும் உப்புக்கறையும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்; உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கறுப்புத் தரை ஒரே மாதத்தில் அலுத்துவிடும். இளஞ்சாம்பலும் மணல் நிறமும், லேசான புள்ளி அல்லது கோட்டோடு இருந்தால், அன்றாட அழுக்கைப் பெரிதாகக் காட்டாது. கிரௌட்டின் நிறத்தை டைலைவிட ஒரு சாயல் அடர்த்தியாக எடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். வேறென்ன கவனிக்க வேண்டும்?

வாசலில் படி வைக்காதீர்கள். வெளித்தரைக்கும் குளியலறைத் தரைக்கும் உள்ள வேறுபாடு 12 மில்லிமீட்டருக்குள் இருந்து, விளிம்பு சரிவாக இருந்தால் கால் தட்டாது, சக்கர நாற்காலியும் போகும். சிறிய படிதான் பெரிய படியைவிட ஆபத்து, கண்ணில் படாது. வேறுபாடு தவிர்க்க முடியாததென்றால் அந்த விளிம்பை வேறு நிறத்தில் போடுங்கள்.

தரையின் நிறம் சுவரிலிருந்தும் கழிவறைப் பீங்கானிலிருந்தும் வேறுபட்டிருக்கட்டும். எல்லாமே வெள்ளையாக இருந்தால் பார்வை மங்கியவருக்கு எங்கே தரை முடிகிறது, எங்கே உட்கார வேண்டும் என்பது புரியாது. நடுவே கறுப்புக் கட்டம் போடுவதையும் தவிருங்கள். நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு அது பள்ளமாகத் தெரிந்து காலை வைக்கவே அஞ்சுவார்கள். கைப்பிடிக் கம்பிக்குரிய இடத்தை டைல் ஒட்டும் முன்பே முடிவுசெய்து சுவரைப் பலப்படுத்திவிடுங்கள். தரை மாற்றிய பிறகும் அம்மா ஓராண்டு சுவரைத் தடவிக்கொண்டேதான் நடந்தார். கம்பி வைத்த பிறகே அந்தப் பயம் போனது.

பழைய டைலின் மேலேயே புதிய டைலை ஒட்டலாமா?

பழைய டைல் எங்கும் பொள்ளென்று ஒலிக்காமல், வாட்டம் சரியாக, கீழே கசிவு இல்லாமல் இருந்தால் ஒட்டலாம். மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி அதற்கென உள்ள பசையைப் பயன்படுத்த வேண்டும். தரை ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரும். கதவு திறக்குமா, வெளியறைக்குத் தண்ணீர் வருமா என்று முன்பே பாருங்கள். கசிவு இருந்தால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். மேலே ஒட்டி மூடுவது நோயை மூடிவைப்பது.

ஏற்கெனவே போட்ட தரை வழுக்குகிறது. முழுவதும் மாற்றத்தான் வேண்டுமா?

உடனே வேண்டியதில்லை. முதலில் சோப்புப் படிவை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். பாதி வழுக்கல் அதனாலேயே இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் டைலின் மேற்பரப்பில் நுண்குழிகளை உண்டாக்கும் திரவங்கள் இருக்கின்றன. எல்லா டைலிலும் ஒரேபோல் வேலை செய்யாது, எனவே ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். சொரசொரப்பான ஒட்டுப் பட்டைகளும் உதவும். துணி மிதியடியை மட்டும் ஈரத் தரையில் போடாதீர்கள். அது தானே சறுக்கி ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

எதைக் கொண்டு கழுவலாம்?

கிருமிநாசினியைவிட அன்றாடம் தரையைக் காயவிடுவதே முக்கியம். குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் தண்ணீரை வழித்துத் தள்ளினால் பாசியும் உப்புக்கறையும் பாதியாகக் குறையும். வாரம் ஒருமுறை மிதமான சோப்புத் தூளும் பிரஷும் போதும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் டைல் பளிச்சென்று தெரியும், ஆனால் சிமென்ட் கிரௌட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்துபோகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு டைல் வாங்குவது?

தரையின் பரப்போடு 10 சதவீதம் கூட்டி வாங்குங்கள். சாய்வாக ஒட்டுவதாக இருந்தால் 15. எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணும் ஒரே நிறச்சாயல் எண்ணும் இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள், வேறுபட்டால் ஒட்டிய பிறகு திட்டுத்திட்டாகத் தெரியும். மிஞ்சியதில் ஐந்தாறு டைலையும் பெட்டியின் அட்டையையும் பரணில் எடுத்து வையுங்கள். குழாய் பழுதுபார்க்க ஒரு டைலை உடைக்க நேர்ந்தால், அந்த நிறத்தை அப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது.